அரங்கேற்றத்துக்குப் பிறகு என்ன? பெண்களின் திறமை வளரும் விதம்

கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கல்யாண அழைப்பிதழோடு சேர்ந்து அரங்கேற்ற அழைப்பிதழும் வந்து குவியும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் என்று மாறி மாறிப் போய்வருவோம். மேடையில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி வர்ணத்தை ஆடி முடித்து மூச்சு வாங்க நிற்பாள். சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தப் பிள்ளைக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது" என்பார். கை தட்டிவிட்டு, பெட்டியில் தந்த பற்றீஸையும் கேக் துண்டையும் சாப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

மூன்று வருஷம் கழித்து அதே பிள்ளையைக் காலி வீதியில், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் காண்பேன். "இப்ப ஆடுறேல்லையோ பிள்ளை?" என்று கேட்டால், "இல்லை அன்ரி, ஏ.எல். வந்திட்டுது, பிறகு கம்பஸ்" என்று சிரிப்பாள். சலங்கை அலுமாரிக்கு மேலே ஏறியிருக்கும்.

அரங்கேற்றம் என்றால் அரங்கில் ஏறுவது. அது தொடக்கம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் பிரியாவிடை விழாவாகத்தான் நடக்கிறது. நடனத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. கணக்கில் புலியாக இருந்த பிள்ளை, கவிதை எழுதிய பிள்ளை, பள்ளிக்கூட விவாத அணியில் எதிரணியைத் திணறடித்த பிள்ளை, எல்லாரையும் பற்றித்தான் பேசுகிறேன். சின்ன வயதில் கண்ணுக்குத் தெரிந்த திறமை பெரியவளானதும் எங்கே போகிறது? சிலரிடம் மட்டும் அது எப்படி வளர்ந்து மரமாகிறது? இதை உளவியலாளர்களும் கல்வியியலாளர்களும் நூறு வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் முக்கியமானதை, எங்கள் ஊர் உதாரணங்களோடு இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கெட்டிக்காரி என்ற சொல்

இலங்கைத் தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: கெட்டிக்காரி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் கெட்டிக்காரி. ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தால் இன்னும் பெரிய கெட்டிக்காரி. ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை முடிவு வரும்வரை அந்தச் சொல் அவளோடு கூடவே வரும். அதற்குப் பிறகு மெல்ல மாறி, "நல்ல பிள்ளை", "பொறுப்பான மனுசி" என்று ஆகிவிடும். நாற்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்து யாராவது கெட்டிக்காரி என்று சொன்னால், பெரும்பாலும் அது வீட்டுச் செலவை நன்றாகச் சமாளிக்கிறாள் என்ற அர்த்தத்தில்தான் இருக்கும்.

இந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரான்சுவா கான்யே 1985 இல் அவற்றைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, இயல்பாகவே வந்த கொடை. ஒரு தரம் கேட்ட பாட்டை அப்படியே ஆர்மோனியத்தில் பிடிக்கிற ஆறு வயதுப் பிள்ளையிடம் இருப்பது அது. மற்றது, வளர்த்தெடுத்த திறன். அதே பிள்ளை முப்பது வயதில் பக்கவாத்தியங்களோடு உட்கார்ந்து முழுக் கச்சேரியைத் தானே நடத்தினால், அது திறன். முதலாவது இரண்டாவதாகத் தானாக மாறிவிடாது. நடுவில் இருபத்து நான்கு வருஷம் இருக்கிறது. அந்த வருஷங்களில் படிப்பு வேண்டும், பயிற்சி வேண்டும். அவற்றோடு வீடு, காசு, உடல்நலம், குணம், ஆசிரியர், அதிர்ஷ்டம் எல்லாம் வந்து கலக்கின்றன. இரசாயனப் பாடத்தில் ஊக்கி என்று படித்திருப்போம், ஒரு தாக்கத்தை வேகப்படுத்துவது. கான்யே இவற்றுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தார். ஒரே ஒரு வித்தியாசம், இந்த ஊக்கிகள் சில சமயம் தடுக்கவும் செய்யும்.

அமெரிக்காவின் ஜோசப் ரென்சுலி 1978 இல் வேறொரு படம் போட்டார். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள்: சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பூக்கம், எடுத்த காரியத்தில் விடாப்பிடி. மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் பெரிய வேலை பிறக்கிறது என்றார். எனக்கு இதில் பிடித்தது முதல் வட்டத்தின் பெயர். சராசரிக்கு மேல் இருந்தால் போதுமாம், உச்சத்தில் இருக்கவேண்டியதில்லை.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று சின்ன வயதிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். ஒளவையார் பேரில் வழங்கும் அந்தப் பாட்டின் முடிவை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பிறவிக் குணம் என்று அதில் ஒதுக்கப்படுவது நட்பும் தயையும் ஈகையும்தான். படிப்பும் கலையும் பழக்கத்தின் பக்கத்தில் இருக்கின்றன.

அளந்து பார்த்தவர்களின் கதை

லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921 இல் கலிபோர்னியாவில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். நுண்ணறிவுச் சோதனையில் மிக உயர்ந்த புள்ளி எடுத்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனிப்பது திட்டம். அவர்களில் அறுநூறுக்கும் மேல் பெண் பிள்ளைகள். புள்ளியில் ஆண்களுக்கு அவர்கள் சளைக்கவில்லை. ஆனால் நடுவயதில் அந்தப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலைக்குப் போகாமல் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பேராசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆகியிருந்தார்கள். வீட்டைக் கவனிப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஒரே அளவுகோலால் அளந்து எடுத்த இரண்டு கூட்டம் இப்படி இரண்டு திசையில் போனால், அதற்கான காரணம் மூளைக்குள் இருக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டெர்மனின் சோதனையில் புள்ளி போதாது என்று விடப்பட்ட சிறுவர்களில் இரண்டு பேர், வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெசும், பின்னாளில் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். வெட்டுப்புள்ளியில் ஒன்றிரண்டு குறைந்ததற்காக வீட்டில் இழவு விழுந்ததுபோல் இருக்கும் பெற்றோர் இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம்.

டெர்மன் காலத்திலேயே இதே துறையில் ஒரு பெண்ணும் இருந்தார். லீட்டா ஹொலிங்வொர்த், 1886 இல் நெப்ராஸ்காவில் பிறந்தவர். ஆசிரியையாக இருந்தவர் நியூயோர்க்குக்கு வந்து கல்யாணம் கட்டினார். கல்யாணமான பெண்களுக்கு அங்கே ஆசிரியர் வேலை கொடுப்பதில்லை. சமைப்பதும் தைப்பதுமாக இருந்து அலுத்து, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்து அறிஞர்கள் இரண்டு விஷயங்களைச் சத்தியம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் மூளை மந்தமாகிவிடும் என்பது ஒன்று. ஆண்களிடையேதான் ஏற்றத்தாழ்வு அதிகம், அதனால் மேதைகள் ஆண்களிலிருந்துதான் வருவார்கள் என்பது மற்றது. ஹொலிங்வொர்த் இரண்டையும் பிடித்துச் சோதித்தார். 1914 இல் வந்த அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வில், அந்த நாட்களில் பெண்களின் செயல்திறன் எதுவும் குறையவில்லை. அதே வருஷம் ஆயிரம் ஆண், ஆயிரம் பெண் பச்சைக் குழந்தைகளின் அளவுகளை ஒப்பிட்ட ஆய்விலும் ஆண்களுக்கு அந்தக் கூடுதல் ஏற்றத்தாழ்வு கிடைக்கவில்லை. அப்படியென்றால் பெரிய பெயர் எடுத்த பெண்கள் ஏன் குறைவு? பெண்களின் நேரம் முழுக்கப் பிள்ளை வளர்ப்பதிலும் வீட்டு வேலையிலும் போய்விடுகிறதே, அந்தத் துறையில் யாரும் பெரும்புகழ் பெறுவதில்லையே என்று கேட்டார். வேலை மறுக்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து அந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

மூன்று ஆசிரியர்கள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் உதவியது பெஞ்சமின் புளூம் 1985 இல் வெளியிட்ட ஆய்வு. பியானோக் கலைஞர்கள், சிற்பிகள், நீச்சல் வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், கணித ஆய்வாளர்கள், நரம்பியல் ஆய்வாளர்கள் என்று இளவயதிலேயே உச்சத்துக்கு வந்த 120 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று அவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்டார்கள். பெரும்பாலானவர்களின் கதையில் மூன்று கட்டங்கள் இருந்தன. கட்டத்துக்கு ஓர் ஆசிரியர்.

முதல் ஆசிரியர் பெரிய வித்துவானாக இருக்கமாட்டார். பக்கத்து வீதியில் இருப்பவர், பிள்ளைகளோடு பிரியமாகப் பழகுபவர், பிழை விட்டாலும் "பரவாயில்லை ராசாத்தி, இன்னொருக்கா" என்பவர். அவரிடம் போவது விளையாடப் போவதுபோல இருக்கும். அந்தக் கலையில் ஆசை பிறப்பது இங்கேதான். கொழும்பில் எங்களுக்கு இந்த ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து தெகிவளைவரை, மாடி வீடுகளின் முன்னறையில் பாய் விரித்துப் பாட்டும் வீணையும் நடனமும் சொல்லித் தருகிற ரீச்சர்மார் இருக்கிறார்கள்.

இரண்டாவது ஆசிரியர் வேறு மாதிரி. கண்டிப்பானவர். விரல் கோணினால் நிறுத்துவார், திரும்பச் செய்யச் சொல்வார். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வரும். ஆனால் ஆசை திறனாக மாறுவது இவரிடம்தான். இந்தக் கட்டத்தில்தான் பிள்ளை தன்னை "நான் பாட்டுப் படிக்கிறேன்" என்பதிலிருந்து "நான் பாடகி" என்று நினைக்கத் தொடங்குகிறாள். மூன்றாமவர் துறையிலேயே பெரியவர். அவரிடம் போவதற்குப் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகவேண்டும். எங்களுக்கு அது சென்னையாக இருக்கலாம், பேராதனையாகவோ மொறட்டுவையாகவோ இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம்.

பெண் பிள்ளைகள் நிற்கிற இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். முதல் ஆசிரியருக்கும் இரண்டாம் ஆசிரியருக்கும் நடுவில் என்றுதான் தோன்றுகிறது. முதலாமவர் ஒழுங்கைக்குள் இருக்கிறார், அம்மம்மாவே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இரண்டாமவர் நுகேகொடையிலோ வத்தளையிலோ இருப்பார். வகுப்பு மாலை ஏழு மணிக்கு முடியும். அந்த நேரத்துப் பஸ்ஸில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையைத் தனியே விட யாருக்கும் மனம் வராது. அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்குத் தம்பியின் ரியூஷன். சரி, இந்த வருஷம் போகட்டும் என்பார்கள். தம்பி அதே வயதில் கிரிக்கெட் பயிற்சிக்குத் தனியே போய்வருவான். யாரும் வேண்டுமென்று அவளைத் தடுக்கவில்லை. ஆனால் அவள் முதல் ஆசிரியரிடமே நின்றுவிட்டாள். எட்டு வயதில் பிரியத்தால் வளர்த்தவர், பதினாறு வயதில் அரங்கேற்றம் செய்துவைக்கிறார். இரண்டாம் கட்டம் நடக்கவே இல்லை.

பெற்றோர் என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். அரங்கேற்றத்துக்குச் சேலையும் நகையும் மண்டபமும் சாப்பாடும் என்று இலட்சக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, பிள்ளையின் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை இரண்டாம் ஆசிரியரிடம் போய்வர முச்சக்கர வண்டிக்குக் கொடுங்கள். கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் பகிடியாகச் சொல்வதில்லை.

சாதகம்

பயிற்சி பற்றி ஒரு தப்பான கணக்கு ஊரெல்லாம் பரவியிருக்கிறது. பத்தாயிரம் மணிநேரம் செய்தால் யாரும் மேதையாகலாமாம். அதன் மூலம் அண்டேர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் இசை படித்த வயலின் மாணவர்களில் மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணிநேரத்தை ஒட்டிப் பயிற்சி செய்திருந்தார்கள். அது ஒரு சராசரி எண் மட்டுமே, தாண்டினால் பரிசு கிடைக்கும் கோடு இல்லை. எரிக்சன் அழுத்திச் சொன்னது எந்த வகைப் பயிற்சி என்பதைத்தான்.

நடனத்தில் வைத்துச் சொன்னால் லேசாகப் புரியும். தினமும் வர்ணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போகிற பிள்ளை ஒருத்தி. இன்னொருத்தி, இரண்டாவது தீர்மானத்தில், அதாவது தாளத்துக்கு ஆடும் அடவுக் கோவையில், முழங்கால் மடித்த அரைமண்டி எழுந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த எட்டு ஆவர்த்தனத்தை மட்டும் எடுத்து, முதலாம் காலத்தில் மெதுவாக, கண்ணாடி முன்னால், எழாமல் வரும்வரை செய்து, பிறகு இரண்டாம் காலத்துக்குப் போகிறாள். முதலாமவள் தனக்குத் தெரிந்ததை ஆடுகிறாள். இரண்டாமவள் தெரியாததைப் பிடித்து வைத்திருக்கிறாள். இசைக்காரர்கள் சாதகம் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். இதில் சந்தோஷம் குறைவு, களைப்பு அதிகம். பெர்லின் மாணவர்களில் சிறந்தவர்கள் பகலில் கொஞ்சம் தூங்கி எழும்பவும் செய்தார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது.

அப்புறம், அவர்களுக்கு முக்கியமாக இருந்தது தனியாகச் செய்த பயிற்சி. பார்பரா கேர் என்ற ஆய்வாளர் பெயர்பெற்ற பெண்களின் சிறுவயதைப் பார்த்தபோது அவரும் இதையேதான் கண்டார்: நிறையத் தனிமை, கண்டதையெல்லாம் வாசிக்கும் பசி. வெள்ளவத்தை மாடிவீட்டில் இது இலேசான காரியமா? இரண்டு அறை, ஐந்து பேர், கூடத்தில் தொலைக்காட்சி, எந்த நேரமும் யாராவது விருந்தாளி. பெண் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் "என்ன பிள்ளை, உடம்பு சரியில்லையோ?" என்று தட்டுவார்கள். விருந்தாளி வந்தால் தேத்தண்ணி கொண்டுவர அவளைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகளுக்கு அறை கொடுக்க வழியில்லாமல், ஐம்பத்தேழாவது ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குச் சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போய்விட்டு மத்தியானம் வந்து கூட்டிப்போவார். என்ன வாசித்தாய் என்று கேட்கமாட்டாராம். அந்தக் கேட்காமல் விடுவது எனக்கு மிகவும் பிடித்தது.

உள்ளே ஒரு குரல்

போலின் கிளான்சும் சுசான் ஐம்சும் 1978 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டமும் பதவியும் பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகியபோது, அவர்களில் பலர் தாங்கள் உண்மையில் திறமையானவர்கள் இல்லை, யாரையோ ஏமாற்றி இங்கே வந்துவிட்டோம், ஒருநாள் குட்டு வெளிப்படும் என்று நம்பிக்கொண்டிருந்தார்களாம். சான்றிதழ் சுவர் நிறைய இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. இதை நோய் என்று பார்க்கக்கூடாது, சந்தேகத்தோடு பார்க்கும் இடத்தில் வேலை செய்தால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

எங்கள் பிள்ளைகளிடம் இந்தக் குரல் அடக்கம் என்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். மூன்று ஏ எடுத்தவளிடம் கேட்டால், "பேப்பர் லேசாக வந்தது அன்ரி" என்பாள். மூன்று ஏ எடுத்த பையன் "நான் இரவிரவாப் படிச்சனான்" என்பான். இரண்டு பேரும் படித்தது ஒரே அளவுதான். அடக்கம் நல்ல குணம், மறுக்கவில்லை. ஆனால் வெற்றியைப் பேப்பருக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை சறுக்கும்போது பழி மட்டும்தான் அவளுக்கு மிஞ்சும். "எந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது, அதை எப்படிப் பிடித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். செய்த வேலையைத் தானே சொல்லத் தொடங்குவாள்.

பாராட்டைவிட ஒரு படி மேலே போவது, முன்னால் ஒருத்தி நடந்துபோயிருப்பதைக் காண்பது. பிரேமளா சிவசேகரம் இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர். ஒரு தமிழ்ப் பெண், கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருந்த 1960களின் தொடக்கத்தில் அங்கே படித்தவர். கணிதப் பிரிவை எடுக்கலாமா, உயிரியலே பாதுகாப்பா என்று தயங்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெயர் தெரியாத பிள்ளைகள்தான் அதிகம்.

நேராகப் போகாத பாதை

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குச் சேருகிறவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பெண்கள். பொறியியலில் இன்றும் ஆண்கள்தான் பெரும்பான்மை. அதைத் தள்ளிவைத்தால், கல்வியில் பெண்கள் பின்னால் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1945 இலிருந்து கன்னங்கராவின் இலவசக் கல்வி செய்த வேலை அது. ஆனால் நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. கல்யாணம், பிள்ளை, மாமியாரின் நோய், கணவனின் இடமாற்றம், மாலை ஏழு மணிப் பஸ் என்று நீளும். வேலைக்குப் போகிறவளுக்கும் வீட்டுக்கு வந்தபின் இரண்டாவது வேலை ஒன்று காத்திருக்கும்.

சாலி ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல வருஷம் இதையே ஆராய்ந்தார். குறிப்பாக, வயது போனபிறகு பெயரெடுத்த பெண்களைத் தேடிப்போய்ப் பேசினார். அவர் கண்டது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. பெண்களின் படைப்புச் சக்தி ஒரே வாய்க்காலில் ஓடுவதில்லை. சமையல், வீட்டு ஒழுங்கு, உறவுகளைப் பார்த்துக்கொள்வது, பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடுகிறது. அதனால் ஒன்றில் நிறையச் சேர நாள் எடுக்கிறது. ஆனால் சேராமல் போவதில்லை. அப்படிச் சேர்த்தவர்களிடம் பொதுவாக இருந்தது தன்னம்பிக்கை, பிடிவாதம், அப்புறம் ஒரு நோக்கம். இதை நான் செய்தாகவேண்டும், செய்தால் யாருக்கோ பயன்படும் என்ற எண்ணம்.

நோக்கம் என்றதும் எனக்கு மீனாட்சியம்மை ஞாபகத்துக்கு வருகிறார். தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி. 1930களிலும் 40களிலும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். வேறு ஒரு வீட்டில் இருந்திருந்தால் நவராத்திரிக் கொலுவில் நாலு பேருக்கு முன்னால் பாடி முடிந்திருக்கும் குரல். அதற்கு ஒரு மலைநாடே கேட்கக் காத்திருக்கிறது என்று தெரிந்தபோது அது வேறொன்றாகிவிட்டது.

வானொலிக் குயில் என்று நாங்கள் கொண்டாடிய இராஜேஸ்வரி சண்முகத்தின் பாதையும் நேரானதில்லை. 1950களில் வானொலி நாடகத்தில் குரல் கொடுக்கத் தொடங்கியவர், 1960களின் கடைசியில்தான் அறிவிப்பாளரானார். நடுவில் இத்தனை வருஷமா என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். அந்த வருஷங்களில் ஒலிவாங்கிக்கு முன்னால் அழுதும் சிரித்தும் நடித்துப் பழகிய குரல்தான் பிறகு மாதர் நிகழ்ச்சியில் எங்கள் குசினிகளுக்குள் வந்து பேசியது. இரண்டாம் ஆசிரியர் சில பேருக்கு ஆளாக வருவதில்லை, நாடகமாக வருவார்.

கொழும்பில் பிறந்த ஆஷா டி வோஸ் இன்னொரு வகை. அவருடைய பெற்றோர் பழைய நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகைகளை வாங்கிவந்து கொடுப்பார்களாம். அந்தப் படங்களிலிருந்து தொடங்கிய ஆசை. வெளிநாட்டில் பட்டம் முடித்தபின், திமிங்கிலங்களை ஆராயும் கப்பல் ஒன்று மாலைதீவுப் பக்கம் வருகிறது என்று அறிந்து, தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். தொந்தரவு தாங்காமல் கூட்டிக்கொண்டார்கள் போலும். கப்பலில் எடுபிடி வேலையில் தொடங்கியவர், இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலங்கள் பற்றி உலகம் கேட்கும் குரல் ஆனார். கடல் பாலூட்டிகள் ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையரும் அவரே. கான்யே சொன்ன ஊக்கிகளில் அதிர்ஷ்டமும் ஒன்று என்றேனே, இந்தக் கதையில் அதிர்ஷ்டம் கப்பல் உருவில் வந்தது. ஏறுவதற்குத் தினம் தினம் எழுதவேண்டியிருந்தது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "எனக்கு நாற்பத்தைந்து, இனி என்ன?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980 இலிருந்து இருக்கிறது. வேலை, பிள்ளை, வீடு எல்லாவற்றோடும் படிக்கிறவர்களுக்காகவே தொடங்கியது. வார இறுதியில் அதன் வாசலில் நின்று பார்த்தால், உணவுப் பெட்டியும் கொப்பியுமாக நடுவயதுப் பெண்கள் போய்க்கொண்டிருப்பது தெரியும்.

என் பெரியம்மாவின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். வட இலங்கைச் சங்கீத சபையின் வீணைப் பரீட்சையில் நாலாம் தரம் முடித்தபோது அவருக்குப் பதினேழு வயது. அது 1983. ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு வீணையும் எரிந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று இருந்த காலத்தில் இன்னொரு வீணையைப் பற்றி யார் பேசுவார்கள்? பிறகு கல்யாணம், வங்கியில் வேலை, மூன்று பிள்ளைகள். ஓய்வு பெற்ற மறு மாதம் சேமலாப நிதியில் ஒரு பங்கை எடுத்து வீணை வாங்கினார். ஒன்றாம் தரத்துப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து மறுபடி சரளி வரிசையிலிருந்து தொடங்கினார். காலையில் நாலரைக்கு, வீடு எழும்புவதற்கு முன் சாதகம். பெரியப்பா முதலில் முணுமுணுத்தார், இப்போது அவர்தான் தேத்தண்ணி போடுகிறார்.

போன மாதம் ஐந்தாம் தரத்துக்கு விண்ணப்பித்தார். படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் முப்பத்தொரு வயதுப் பிள்ளை ஒருத்தியின் பெயர். அந்தப் பிள்ளை பெரியம்மாவை "அம்மா" என்று கூப்பிடும். பெரியம்மா அவளை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கண்டிப்பான ரீச்சராம். போன கிழமை கமகம் சரியில்லை என்று ஒரே வரியைப் பதினோரு தரம் வாசிக்கவைத்தாளாம்.